ஓர் ஆள் ஆழம்

மண்ணை மாற்றாமல், பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கின் தாழ்வான பகுதியில் வீடு கட்ட முடியாது. எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் வழக்கு. என் மகள் கட்டப்போகும் வீட்டுக்காக மண் சோதிக்க வந்த இன்ஜினியர் ஒரு கணக்குச் சொன்னார். பூமி பூசைக்கு நாள் பார்க்க அழைத்த குருக்களிடம் வேறு கணக்கு இருந்தது. தொண்ணூறை நெருங்கும் என் அத்தை, இருவரும் எழுந்து போகும்வரை தன் மனத்தில் இருந்ததைச் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, "மண்ணுல கை வைக்கிறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேக்கணும், தம்பி" என்றார்.

பினாங்கில் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். எந்த லோரியில் நல்ல செம்மண் வருகிறது, எதில் வேரும் குப்பையும் கலந்து வருகிறது என்று பார்த்துத் திருப்பி அனுப்புவது என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் "எவ்வளவு மண்?" என்பதற்கு வரைபடத்தில் விடை இருக்கும். சொந்தத் தரை என்று வரும்போது அந்த விடை போதவில்லை. பழைய மண்ணை எடுத்துவிட்டுப் புது மண் போடும்போது எதை நீக்குகிறோம் என்று நினைக்கிறோம்? எதுவரை நீக்கினால் போதும்? போதும் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

தரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவின் நடுவில் கருங்கல் மலை. அதன் காலடியில் மலை கரைந்து இறங்கிய மண். கடலோரமாக, ஜார்ஜ்டவுனும் அதன் தெற்கே நீளும் பகுதிகளும் இருக்கும் சமவெளியில், கடலும் ஆறும் கொண்டுவந்து சேர்த்த மணலும் சாம்பல் நிறக் களியும். நகரத்தில் கடற்கரைத் தெரு என்று பெயர் வைத்த தெரு இன்று கடலைப் பார்ப்பதில்லை. 1880-களில் தொடங்கி அதற்கு அப்பால் மண் கொட்டிக் கடலைத் தள்ளி, வெல்ட் கீ வந்தது. அதற்கும் முன்பே சதுப்பைத் தூர்த்துச் சாலை போட்ட கைகளில் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளின் கைகள் பல. 1818-இல் முடிந்த புனித ஜார்ஜ் தேவாலயமும் அவர்கள் உழைப்பில் எழுந்ததுதான். இந்த ஊரில் "சொந்த மண்" என்று நாம் மிதிப்பதில் பெரும்பங்கு யாரோ சுமந்து வந்து கொட்டியது. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மண் மாற்றும் பேச்சையே தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் மனையில் சோதனைக் குழி வெட்டினோம். மேலே ஓட்டுத் துண்டுகள், செங்கல் உடைசல், அடுப்புச் சாம்பல், உடைந்த பீங்கான். தாத்தா பாட்டி காலத்திலிருந்து மூன்று தலைமுறை சமைத்துத் தின்று வீசிய கெராங் சிப்பிகள் கறுத்த மண்ணில் அடுக்கடுக்காக இருந்தன. அதற்குக் கீழே கருஞ்சாம்பல் களி, கையில் எடுத்தால் விரலிடுக்கில் பிதுங்கி வழிந்தது. முழங்கால் ஆழத்தைத் தாண்டியதும் தண்ணீர் ஊறத் தொடங்கியது. மெக்கிண்டோஷ் புரோப் என்று ஒரு கருவி இங்கே எல்லாத் தளங்களிலும் உண்டு. சுமார் ஐந்து கிலோ சுத்தியலைச் சுமார் 300 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, இரும்புக் கம்பி அடுத்த 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை தட்டு ஆகிறது என்று எண்ணுவார்கள். 400 தட்டுக்கும் இறங்காவிட்டால் கெட்டித் தரை என்று நிறுத்திவிடுவார்கள். எங்கள் மனையில் கம்பி முதலில் தட்டே இல்லாமல் தன் எடையிலேயே இறங்கியது.

இன்ஜினியர் விளக்கியதைத் தமிழில் சொல்கிறேன். மெத்தென்ற களியை அள்ளிவிட்டு நல்ல மண் போடுவது சுமார் மூன்று மீட்டர் ஆழம் வரைதான் கட்டுப்படியாகும். அதற்குமேல் குழியின் பக்கம் சரியும், தண்ணீர் இறைக்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரில் வெடிப்பு விழும். அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் சொன்னார். புதிதாகக் கொட்டும் செம்மண்ணும் மணலும் நாம் அள்ளிய களியைவிடக் கனமானவை. நல்லது செய்வதாக நினைத்து மேலே மேலே கொட்டினால், கீழே மீதமிருக்கும் களி அந்தப் பாரத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி, ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே போகும். ஆகவே வீட்டின் பாரத்தைக் காங்கிரீட் பைல்களில் இறக்கிவிட்டு, மேல் மண்ணில் குப்பையாக இருப்பதை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர் முடிவு.

"அப்போ வீடு மண்ணு மேல நிக்கலையா?" என்று அத்தை கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்ஜினியர் சிரிக்காமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்தது. வீடு மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பாட்டி, என்றார். அந்தக் காலத்தில் இதே வேலைக்குப் பாக்காவ் மரக் கம்பங்களை இறக்குவார்கள். சதுப்பில் வளர்ந்த மரம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே காற்றுப் படாமல் இருக்கும்வரை உளுக்காது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலைதான் இற்றுப்போகும். பழைய ஆட்கள் அதைத் தெரிந்து கீழேயே அறுத்துவிடுவார்கள்.

குருக்கள் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆகமம் படித்தவர், கேள்வி கேட்டால் கோபப்படாதவர். குழியில் கிடைத்த ஒரு சிறு எலும்புத் துண்டை அவரிடம் காட்டினோம். ஆடோ கோழியோ, சமையலறைக் கழிவாகத்தான் இருக்கும். ஆனாலும் எலும்பு எலும்புதான். வாஸ்து நூல்கள் இதைச் சல்லியம் என்கின்றன. எலும்பு, மயிர், கரி, உமி, மண்டையோடு, இரும்பு என்று தரைக்குள் கிடந்து வாழ்கிறவரை உறுத்துவது எல்லாம் அதில் அடங்கும். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே சல்லியம் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது. வீட்டுக்காரர் கேள்வி கேட்கும்போது தன் உடம்பில் எந்த உறுப்பைச் சொறிகிறாரோ, மனையில் படுத்திருக்கும் வாஸ்து புருஷனின் அதே உறுப்புக்கு அடியில் தேட வேண்டும் என்கிறது.

எவ்வளவு ஆழம் தோண்டித் தேடுவது என்பதற்கும் விதி உண்டு. அந்த விதியைக் குருக்கள் சொல்லிக் கேட்டதிலிருந்து என் மனம் அதைவிட்டு நகரவில்லை. தண்ணீர் வரும்வரை, அல்லது பாறை தட்டும்வரை, அல்லது ஓர் ஆள் ஆழம். கோயில் என்றால் தண்ணீர் காணும்வரை எங்கே சல்லியம் இருந்தாலும் குற்றம். வீடு என்றால் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே கிடப்பது குற்றமில்லை. கைகளை உயர்த்தி நிற்கும் மனிதனின் உயரத்தை மானசாரம் போன்ற நூல்கள் அடித்தளக் குழிக்கு அளவாகச் சொல்கின்றன. ஏழடி என்று வைத்துக்கொள்ளலாம்.

"சாமி, இங்கே முழங்கால் ஆழம் தாண்டினதுமே தண்ணி வந்துடுதே. கோயில் கணக்குப் பார்த்தா வீட்டுக் கணக்கைவிடக் குறைச்சலா வருது" என்றேன்.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். "எது முன்னால வருதோ அதோட நிறுத்திக்கலாம். தண்ணி வந்தப்புறம் அதுக்குக் கீழே நமக்கு வேலை இல்லை" என்றார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சௌகரியத்துக்காகச் சொன்ன பதிலாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த விதியில் என்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். மண்ணுக்கு அடியில் எதுவுமே இல்லாத இடம் ஒன்று உலகத்தில் கிடையாது என்பதை அந்த நூல்களை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். தோண்டிக்கொண்டே போனால் எலும்பு வரும், கரி வரும், யாரோ பிழைத்த தடயம் வரும். சுத்தம் என்பதற்கு எல்லை வைக்காவிட்டால் அச்சத்துக்கும் எல்லை இருக்காது. அச்சம் பிடித்த மனிதன் மலையையே லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டினாலும் அவனுக்குத் தூக்கம் வராது. அதனால் அவர்கள் ஓர் அளவு வைத்தார்கள். அதையும் நட்சத்திரத்திலிருந்தோ ஜாதகத்திலிருந்தோ எடுக்கவில்லை. குழிக்குள் இறங்கி நிற்கும் ஒரு மனிதன் கையால் எட்டக்கூடியது, கண்ணால் பார்க்கக்கூடியது, அதுவே அளவு. எட்டுகிற வரை உன் கடமை. எட்டாத இடத்தில் இருப்பதற்கு நீ பொறுப்பும் இல்லை, அதன்மேல் உனக்கு அதிகாரமும் இல்லை.

வீட்டுக்கும் கோயிலுக்கும் வேறு வேறு விதி வைத்ததிலும் ஒரு நேர்மை இருக்கிறது. கோயில் நூற்றாண்டுகளுக்கு நிற்கப்போவது. குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-இலிருந்து நின்றுகொண்டிருக்கிறது, இன்னும் நிற்கும். வீட்டில் இருக்கப்போவது பிறந்து வளர்ந்து சாகிற மனிதர்கள். அவர்களுக்கு அவர்கள் உயரத்துச் சுத்தம் போதும்.

அந்த நூல்களில் உள்ள எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த விலங்கின் எலும்பு கிடைத்தால் குடும்பத்தில் யாருக்கு என்ன கேடு என்று நீளும் பட்டியல்களை நான் ஒதுக்குகிறேன். வெள்ளை மண் ஒரு வருணத்தாருக்கு, சிவப்பு இன்னொருவருக்கு, கறுப்பு கடைசியில் நிற்பவருக்கு என்று மண்ணின் நிறத்தில் மனிதரைத் தரம் பிரிக்கும் பகுதியை, ஒதுக்குவது மட்டுமல்ல, தவறு என்று சொல்கிறேன். அந்தப் பிரிவினையில் கீழே தள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்த நாட்டில் தரை தூர்த்ததும் தண்டவாளம் போட்டதும். ஆனால் குழி வெட்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டுப் பார்க்கும் சோதனை எனக்குப் பிடிக்கும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அந்த இடம் வேண்டாம். இறுகிய தரையைத் தோண்டினால் மண் பொலபொலத்துக் கூடும், பொக்கான தரையில் குறையும். தளத்தில் நாங்கள் கருவி வைத்துப் பார்ப்பதை அவர்கள் ஒரு மண்வெட்டியில் பார்த்திருக்கிறார்கள். நிலத்தை உழுது, தானியம் விதைத்து, முளைத்ததைப் பசுக்களை மேயவிட்டு, அவை சில காலம் தங்கி நடமாடிய பிறகு கட்டச் சொல்லும் பகுதியையும் மதிக்கிறேன். மண்ணை மாற்றாமலே மண்ணைச் சுத்தப்படுத்தும் வழி அது. அங்கே முதலில் உயிர் வாழ்ந்து காட்ட வேண்டும் என்கிறது.

அத்தை கேட்கச் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன்.

1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு போட்டன. ஒரு வாரத்தில் வெள்ளைக்காரர்கள் தீவை விட்டுப் போய்விட்டார்கள். தாத்தா துறைமுகக் கூலி. அப்போது இந்த மனையில் அத்தாப்பு வேய்ந்த குடிசையில் வாடகைத் தரைக்காரராக இருந்தார், பிறகுதான் வாங்கினார். ஜப்பான்காரர்கள் காலத்தில் பாட்டிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து சில நாளில் போய்விட்டது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்திருந்த காலம், தாய்க்குப் பால் இல்லை. குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் நம் வழக்கம். சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகும் வழியில் சோதனைச் சாவடி. தாத்தா பயந்துகொண்டு, இரவில், பின்புறம் ஈரப்பலா மரம் இருந்த மூலையில் புதைத்துவிட்டார். அத்தைக்கு அப்போது ஏழெட்டு வயது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். என் அப்பாவுக்குக்கூட இது தெரிந்திருந்ததா என்று அத்தையிடம் கேட்டேன். "ஆம்பளைங்ககிட்ட எதுக்குச் சொல்றது" என்றார்.

இப்போது "எவ்வளவு மண்ணை மாற்றுவது?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் முன்பிருந்த கேள்வியாக இல்லை. விதிப்படி பார்த்தால் அங்கே கிடப்பது சல்லியம், அதுவும் மனித எலும்பு. எண்பது ஆண்டு ஈரக் களியில் என்ன மிஞ்சியிருக்கும் என்பது வேறு. தோண்டினால் ஏழடிக்குள் நிச்சயம் வரும் ஆழம். எடுத்த மண் லோரியில் ஏறி ஊருக்கு வெளியே எங்கோ கொட்டப்படும். அத்தையின் தங்கை குப்பை மண்ணோடு போவாள்.

இந்த இடத்தில் நான் நம் கதைகளில் இரண்டை நினைத்தேன். ஜனகர் எதற்காக ஏர் பிடித்தார்? வேள்வி செய்யப்போகும் நிலத்தைச் சுத்தம் செய்ய. உழுது மண்ணைப் புரட்டி, இருக்கக் கூடாததை நீக்கும் அந்த வேலையின் நடுவில், கொழுமுனையில் வந்தது ஒரு பெண் குழந்தை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்ததும் ஒரு குழந்தையைத்தான். மண்ணுக்குள் கிடப்பதெல்லாம் உறுத்தல், எடுத்து எறி என்று ஒரு பக்கம் விதி எழுதிய அதே மரபு, மறுபக்கம் மண்ணைக் கிளறியபோது சீதையும் ஆண்டாளும் வந்தார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறது. ஆகவே தோண்டுகிறவன் முதலில் பார்க்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். வருவது குப்பையா பிள்ளையா என்று அடையாளம் காண்பது விதி படித்தால் வருகிற அறிவு இல்லை. அந்த மூலையில் விளக்குப் பிடித்து நின்றவருக்கு அது தெரியும்.

இதே மாநிலத்தில், அக்கரையில் செபெராங் பிறையில், எல்லாருக்கும் பொதுவான ஓர் உதாரணமும் இருக்கிறது. கெப்பாலா பாத்தாஸ் பக்கம் குவார் கெப்பா என்ற இடத்தில் பழைய காலத்து மக்கள் தின்று போட்ட சிப்பிகள் மேடாகக் குவிந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுண்ணாம்பு சுடுகிறவர்கள் அந்தச் சிப்பிகளை வெட்டி எடுத்துப் போனார்கள். அதே மேடுகளில்தான் அக்காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தவர்களையும் அடக்கம் செய்திருந்தார்கள். 1934-இல் அகழ்ந்தெடுத்த எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போயின. பிறகு அந்த இடத்தில் ஒரு காட்சிக்கூடம் எழுப்பும் வேலை தொடங்கி, 2017 ஏப்ரலில் மண்ணை வெட்டியபோது ஒரு மனித எலும்புக்கூடு வெளிப்பட்டது. 5,000 ஆண்டுக்கு மேல் பழையது. "பினாங்குப் பெண்" என்று பெயர் வைத்தார்கள். வேலையை நிறுத்தி மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்களை வைத்து எடுத்தார்கள்.

அவளைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். அவளுக்கு நம் மொழி தெரியாது, நம் சாமியும் தெரியாது. ஆனாலும் அவளை யாரோ படுக்க வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மேட்டிலிருந்து சிப்பியை வண்டி வண்டியாக அள்ளிப் போனவர்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அது சுண்ணாம்புக்கான சரக்கு. ஒருவருக்கு மயானமாக இருந்தது இன்னொருவருக்குச் சரக்காக ஆவது, இடையில் யாரும் நினைவில் வைத்துச் சொல்லாமல் விட்டதால்.

மண்ணை மாற்றுவதற்கு இன்னொரு முனையும் இருக்கிறது. நல்ல செம்மண் எங்கிருந்தோ வர வேண்டும். இந்தத் தீவில் அது மலையிலிருந்துதான் வரும். எங்கள் மனை சுத்தமாக, எங்கோ ஒரு சரிவு வெட்டுப்பட்டு மழைக்குத் திறந்து கிடக்கும். 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் சரிவு இடிந்து 11 பேர் மண்ணில் புதைந்து செத்தார்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். அடுத்த மாதமே பெருமழையும் வெள்ளமும் வந்து ஊரே தண்ணீரில் நின்றது. அந்த வாரங்களில் தளங்களில் வேலை பார்த்த எவராலும் மண்ணை வெறும் சரக்காகப் பார்க்க முடிந்திருக்காது. கும்பாபிஷேகத்துக்கு முன் கோயில்களில் மிருத்சங்கிரகணம் என்று ஒரு சடங்கு செய்கிறார்கள். முளைப்பாலிகைக்கு வேண்டிய மண்ணை எடுப்பதற்காகப் பூமாதேவியை வணங்கி, அனுமதி கேட்டு, ஒரு தட்டு அளவு மண்ணை மட்டும் தலையில் சுமந்து வருவார்கள். ஒரு தட்டு மண்ணுக்கு அனுமதி கேட்கிறவர்கள் இருபது லோரி மண்ணுக்கு என்ன கேட்க வேண்டும்?

நான் கேட்டது நிலச் சட்டப்படியான அனுமதிச் சீட்டு. மண்ணை ஓரிடத்திலிருந்து எடுத்துக் கொண்டுபோக 4சி படிவத்தில் நில அலுவலகத்தின் அனுமதி இருக்க வேண்டும். மண் கொண்டுவருகிறவர் "அண்ணே, ஒரு வீட்டுக்குப் போய் இதெல்லாம் யாரும் பார்க்கிறதில்லை" என்றார். பார்த்த பிறகுதான் விலை பேசினேன். இதையும் பூசையில் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

பல ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் சொன்னது பதின்மூன்றாம் நூற்றாண்டில். அந்த வழியில் வந்த ஆசிரியர்கள் ஆணவ மலத்தைப் பற்றி ஒன்றை மிகத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். அது உயிரோடு தொடக்கமில்லாமல் ஒட்டியிருப்பது. முத்தியிலும் அது அழிந்து இல்லாமல் போவதில்லை. அதன் சக்திதான் அடங்கிப்போகிறது. வாலிபத்தில் இதைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒழித்துக்கட்ட முடியாத அழுக்கை வைத்துக்கொண்டு என்ன விடுதலை என்று நினைத்தேன். எங்கள் மனைக்கு அடியில் இருக்கும் களியைப் பார்க்கும்போது அந்த ஆசிரியர்கள் எவ்வளவு யோசித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று படுகிறது. களியை முழுதும் அள்ளி எறிந்துவிட்டுக் கட்ட முடியாது. அது அங்கேயே இருக்கும், வீடு அமிழாமலும் இருக்கும். முழுக்க மாற்றினால்தான் வாழலாம் என்று நினைக்கிறவனுக்கு வாழ்க்கை தொடங்குவதே இல்லை.

இதே தெளிவை இத்தாலியில் ஒரு கோபுரத்தடியிலும் காணலாம். பீசாவின் சாய்ந்த கோபுரம் மெத்தென்ற களியில் நிற்பது. சாய்வு கூடிக்கொண்டே போனதால் 1990-இல் மூடினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பர்லண்ட் உள்ளிட்ட குழு பல வழிகளைப் பார்த்தது. கடைசியில், சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அடித்தளத்துக்குக் கீழேயிருந்து துளை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். மொத்தம் சுமார் 38 கன மீட்டர். கோபுரம் ஏறக்குறைய அரை டிகிரி நிமிர்ந்தது. அங்கே நிறுத்திவிட்டு 2001-இல் திறந்துவிட்டார்கள். இன்னும் எடுத்து நேராக்கியிருக்கலாம் என்று யாரும் ஆசைப்படவில்லை. எண்ணூறு ஆண்டு அந்த மண்ணோடு பழகிய கோபுரத்துக்கு விழாமல் நிற்பதற்கு வேண்டியது எவ்வளவோ அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

எங்கள் வீட்டில் முடிவானது இது. வீட்டின் சுவர்க்கோட்டுக்கு உட்பட்ட இடத்தில் மூன்றடி ஆழம் வரை உள்ள மண் போகும். அதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது, குருக்களின் கணக்கும் அங்கே நிறைவேறிவிடுகிறது. குப்பையும் சாம்பலும் கலந்த அடுக்கும் அதோடு முடிகிறது, இன்ஜினியரின் கணக்கும் சரி. அடியில் மணல் பரப்பி, அதன்மேல் செம்மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு உருளை விட்டு இறுக்குவோம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டுகிற வேலையை என் தளத்தில் யாரையும் செய்யவிட்டதில்லை. 150 மில்லிமீட்டர் சதுரப் பைல்களைச் சுத்தியலால் அடிக்காமல் அழுத்தி இறக்குவோம். செலவு சில ஆயிரம் வெள்ளி கூடும். பக்கத்து வீட்டில் இருக்கும் சீனப் பாட்டியின் சுவர் பழையது, அடித்தால் தாங்காது. அவர் வீட்டு வாசலில் டத்தோ கோங்குக்குச் சிவப்புக் கூண்டு வைத்து வெற்றிலை படைக்கிறார். இந்த மண்ணுக்கு நமக்கு முன்பே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்று எண்ணி வணங்குவது அது. எங்கள் பூசை நாளில் அங்கேயும் ஒரு தட்டுப் பழம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பின்புற மூலையைத் தொடுவதில்லை. மாநகர் மன்ற விதிப்படி பின்பக்கம் காலியாக விட வேண்டிய இடத்தில்தான் அது வருகிறது. கழிவுநீர்க் குழாய் முதல் வரைபடத்தில் அந்த வழியாகப் போயிற்று. மறுபக்கமாகத் திருப்பி வரையச் சொன்னோம். சரிவு கிடைக்காது என்றார்கள், நானே மட்டம் பிடித்துக் காட்டினேன். அந்த மூலைக்குச் சாந்தி ஏதாவது செய்ய வேண்டுமா என்று அத்தை குருக்களிடம் கேட்டார். பல் முளைக்காத குழந்தைக்குத் திதி இல்லை, அதற்கு யாரிடமும் கடன் இல்லை, மேலே கல் பாவாமல் செடி ஏதாவது வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார் அவர். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. என் மகள் ஒருநாள் இந்த வீட்டை விற்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ போய்த் தங்கிவிடுகிறார்கள். வாங்குகிறவரிடம் அந்த மூலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சொன்னால் விலை குறையும், வாங்காமலும் போகலாம் என்கிறாள் அவள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கட்டட வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து, மலாயிலும் தமிழிலும் தோண்ட வேண்டாம் என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் எழுதி வைக்கச் சொல்கிறேன். காரணம் எழுதாத தடையை அடுத்து வருகிறவர் மதிக்க மாட்டார், மண் லோரியை வரவழைத்துவிடுவார். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.